பக்கவாதத்துக்குப் பின் நிமோனியா: புரையேறுவதாலா, எதிர்ப்பாற்றல் சரிவதாலா?

தெளிவுதேடி (இழை தொடக்கம்)

பக்கவாதம் வந்து படுத்தவருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் காய்ச்சல் அடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நுரையீரலை. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஏன் என்று கேட்டால்தான் இரண்டு பதில் வருகிறது. ஒரு தரப்பு, விழுங்க முடியாமல் எச்சிலும் உணவும் மூச்சுக்குழலுக்குள் போவதுதான் முழுக் காரணம் என்கிறது. இன்னொரு தரப்பு, மூளை அடிபட்டதும் உடம்பின் எதிர்ப்பாற்றலே படுத்துவிடுகிறது என்கிறது. எது சரி என்பதைப் பொறுத்துத் தடுக்கும் வழியும் மாறும் அல்லவா? முதல் நாளிலேயே ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இந்த இழையில் பதில் கிடைத்தால் நல்லது.

---

மண்ணீரல்

இரண்டும் சரி. வெறும் கூட்டலாகச் சேர்வதில்லை, ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறது. இதைக் காட்டிய சோதனையிலிருந்தே தொடங்குகிறேன்.

2003-ல் பெர்லினில் எலிகளின் நடு மூளைத் தமனியைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தார்கள். மூன்று நாளுக்குள் அந்த எலிகளுக்குத் தானாகவே நிமோனியாவும் இரத்தத்தில் கிருமியும் வந்தன. 2006-ல் அதே குழு நிமோகாக்கஸ் கிருமியை எண்ணிக்கை பார்த்து மூக்கு வழியாகச் செலுத்தியது. தமனி அடைபடாத எலிக்கு நிமோனியா வரச் சுமார் 2,00,000 கிருமி வேண்டியிருந்தது. அடைபட்ட எலிக்கு 200 போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு!

நலமாக இருப்பவர்களுக்கும் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழலில் இறங்கத்தான் செய்கிறது. நுரையீரலின் காவல் செல்கள் அதை விழுங்கித் தீர்த்துவிடும். பக்கவாதத்துக்குப் பின் அதே அளவு எச்சில் இறங்கினாலும் தீர்க்க ஆளில்லை. போதாததற்கு இறங்கும் அளவும் கூடிவிடுகிறது.

சரிவு எப்படி நடக்கிறது என்றால், மூளையிலிருந்து மூன்று வழியில் கட்டளை இறங்குகிறது. முதலாவது பரிவு நரம்பு மண்டலம், ஆபத்தில் உடம்பை முடுக்குவது. நார்அட்ரினலின் என்ற சுரப்பு கொட்டுகிறது, லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களின் மேலிருக்கும் பீட்டா ஏற்பிகள் வழியே அவற்றை மந்தமாக்குகிறது. இரண்டாவது ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் என்று இறங்கும் பாதை. கார்டிசால் என்ற ஸ்டீராய்டுச் சுரப்பு ஏறுகிறது, லிம்போசைட்டுகள் தம்மைத்தாமே அழித்துக்கொள்கின்றன. மூன்றாவது வேகஸ் நரம்பின் வழி. அது அழற்சியை அடக்கும் பாதை.

இதன் அடையாளம் இரத்தத்தில் ஒரு நாளுக்குள்ளேயே தெரியும். லிம்போசைட் எண்ணிக்கை விழும், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணு ஏறும். மோனோசைட்டுகள் என்ற காவல் வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை, ஆனால் கிருமியின் துண்டைத் தூக்கிக் காட்டுகிற எச்எல்ஏ-டிஆர் மூலக்கூறு அவற்றின் மேல் குறைந்துவிடும். காவலாளி நிற்கிறார், கூப்பிடக் குரல் இல்லை. எதிர்ப்பை அடக்கும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லியூக்கின்-10 ஏறும், எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமா இறங்கும். மண்ணீரலும் சுருங்கும்.

2003 சோதனையில் இன்னொன்றும் உண்டு. புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் (பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்து) கொடுத்துப் பரிவு நரம்பின் தாக்கத்தைத் தடுத்தபோது எலிகளுக்குத் தொற்றும் இறப்பும் குறைந்தன. ஸ்டீராய்டு பாதையை மட்டும் தடுத்தபோது அந்தப் பயன் வரவில்லை. 2011-ல் வேறொரு குழு, கல்லீரலில் இருக்கும் ஒருவகை டி-செல்களை நார்அட்ரினலின் நேரடியாகக் கட்டிப்போடுவதைக் காட்டியது. ஆக, முதல் குற்றவாளி பரிவு நரம்புதான்.

---

எண்ணிக்கை

மனிதர்களின் கணக்கையும் வைத்துவிடுவோம். 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பக்கவாதம் வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொற்று வந்திருந்தது. நிமோனியா 10 சதவீதம், சிறுநீர்த் தொற்று 10 சதவீதம். இரண்டும் சமம் போலத் தோன்றினாலும் மரணத்தோடு வலுவாகச் சேர்ந்திருந்தது நிமோனியாதான்.

விழுங்கல் சிக்கலைப் பற்றி 2005-ல் ஒரு தொகுப்பு வந்தது. விழுங்கல் சிக்கல் இருந்தால் நிமோனியா அபாயம் சுமார் 3 மடங்கு. மூச்சுக்குழலுக்குள் இறங்குவதே உறுதிப்பட்டால் சுமார் 11 மடங்கு. அதனால் எதிர்ப்பாற்றல் கதையில் மயங்கி விழுங்கலைப் பின்னால் தள்ளிவிடக் கூடாது.

யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கணிக்க ஏ2டிஎஸ்2 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. படுக்கையருகிலேயே போடலாம். வயது 75 அல்லது மேல் என்றால் 1. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது) இருந்தால் 1. ஆண் என்றால் 1. விழுங்கல் சிக்கல் 2. பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்ஐஎச்எஸ்எஸ் 5 முதல் 15 வரை என்றால் 3, 16 அல்லது மேல் என்றால் 5. மொத்தம் 10. கடுமைக்கு மட்டும் பாதி மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். மூளையில் அடிபட்ட பரப்பு பெரிதானால் விழுங்கலும் கெடும், எதிர்ப்பாற்றலும் அதிகம் சரியும். இரண்டையும் அந்த ஒரே எண் பிடித்துவிடுகிறது.

---

தெளிவுதேடி

@மண்ணீரல், அப்படியானால் எல்லோருக்கும் பீட்டா பிளாக்கர் கொடுத்துவிடலாமே? உடம்பு ஏன் தன் காவலைத் தானே இறக்குகிறது என்பதும் புரியவில்லை.

---

மண்ணீரல்

கொடுக்கக் கூடாது. எலியில் கிடைத்த பயன் மனிதர்களில் உறுதிப்படவில்லை. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு வந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் முதல் நாட்களில் இரத்த அழுத்தத்தைத் தேவையில்லாமல் இறக்கினால், சாகும் தறுவாயில் இருக்கும் மூளைத் திசுவுக்குப் போகிற கொஞ்ச இரத்தமும் குறையும். நுரையீரலைக் காக்கப்போய் மூளையை இழக்க நேரிடும். இதய நோய்க்காக ஏற்கெனவே எடுத்துவருபவர் தொடர்வதா என்பது வேறு கேள்வி, அதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இறக்குகிறது என்பதற்கு இப்போதைக்கு வலுவான விளக்கம் ஒன்று உண்டு. மூளைத் திசு சிதைந்ததும் நரம்பு இழையின் உறையான மயலினின் புரதம் போன்ற சரக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. எதிர்ப்பு மண்டலம் அவற்றை இதுவரை சரியாகப் பார்த்ததில்லை. முழு விழிப்போடு இருந்தால் சொந்த மூளையையே பகையாக எண்ணித் தாக்கக்கூடும். அதைத் தவிர்க்கவே மூளை காவலைத் தளர்த்துகிறது என்கிறார்கள். முதல் நாட்களில் தொற்று வந்தவர்களிடம் மூன்று மாதத்துக்குப் பிறகு மயலினுக்கு எதிரான செல்கள் அதிகம் தென்பட்டதும், அவர்கள் தேறுவது மோசமாக இருந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. அதனால் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து கொடுப்பதும் கத்திமேல் நடப்பதுதான்.

---

எண்ணிக்கை

முதல் பதிவில் கேட்ட ஆன்டிபயாடிக் கேள்விக்கு வருகிறேன். இதற்கு நல்ல பதில் இருக்கிறது, பதில் ‘வேண்டாம்’ என்பதே.

2015-ல் நெதர்லாந்தில் 2,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளுக்கு 2 கிராம் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், 4 நாள். சிறுநீர்த் தொற்று குறைந்தது. நிமோனியா குறையவில்லை, மூன்று மாதத்தில் நோயாளிகளின் செயல்திறனும் மேம்படவில்லை. அதே ஆண்டு பிரிட்டனில் 48 பக்கவாதப் பிரிவுகளில், விழுங்க முடியாதவர்களை மட்டும் எடுத்து 7 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அபாயம் அதிகம் உள்ளவர்களிடமாவது பலன் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. அங்கும் நிமோனியா குறையவில்லை.

ஏன்? எச்சில் நாள் முழுதும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மருந்து ஒருவகைக் கிருமியைத் துடைத்தால் அதற்கு மசியாத இன்னொரு வகை வாயில் குடியேறுகிறது. போதாததற்கு, இறங்குவதில் ஒரு பகுதி வயிற்றுச் சாறு. அது நுரையீரலை இரசாயனமாகவே எரிக்கிறது, அந்த எரிச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது.

---

விழுங்கல்வல்லி

எதிர்ப்பாற்றலை நம்மால் ஏற்ற முடியாது, முன்கூட்டிய மருந்தும் உதவாது. மிச்சமிருப்பது உள்ளே போகும் கிருமியின் அளவைக் குறைப்பது ஒன்றுதான். எலிச் சோதனையின் அந்த 200-க்கும் கீழே வைத்திருக்க முயல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி: விழுங்கல் சோதனை முடியும்வரை வாய் வழியாக எதுவும் கூடாது. ஒரு வாய்த் தண்ணீரும், மாத்திரையும் இதில் அடக்கம். ‘மாத்திரை மட்டும்தானே’ என்று கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாத்திரையோடு போகும் மெல்லிய தண்ணீர்தான் இருப்பதிலேயே வேகமாக ஓடுவது, குரல்வளை மூடுவதற்குள் இறங்கிவிடும். சோதனை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நிமோனியா கூடுகிறது என்பது பெரிய பதிவேடுகளில் தெரிந்த விஷயம்.

சோதனை முறைகளில் எளியது 90 மி.லி. தண்ணீர்ச் சோதனை. ஆள் முழு விழிப்பில் இருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும். 90 மி.லி.யையும் நிறுத்தாமல் குடிக்கச் சொல்ல வேண்டும். இடையில் நிறுத்தினாலோ, குடிக்கும்போதோ ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமினாலோ, குரல் ஈரமாகக் களகளத்தாலோ தோல்வி. இன்னொரு முறை, எச்சிலில் தொடங்கி, கூழ் போன்ற பதம், பிறகு 3 மி.லி. முதல் 50 மி.லி. வரை படிப்படியாகத் தண்ணீர், கடைசியில் ரொட்டி என்று போகும், மொத்தம் 20 மதிப்பெண். ஒரு படியில் தோற்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். கடுமையான பக்கவாதத்துக்கு இந்த இரண்டாவதுதான் பாதுகாப்பு என்பேன், எடுத்த எடுப்பில் 90 மி.லி. ஊற்ற வேண்டியதில்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. புரையேறினால் இருமல் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வே போயிருக்கலாம். சத்தமே இல்லாமல் இறங்கும். இருமல் இல்லை என்பது நல்ல செய்தி அல்ல, சில சமயம் அதுதான் கெட்ட செய்தி. தொண்டையில் இருமலைத் தூண்டும் சப்ஸ்டன்ஸ்-பி என்ற வேதிப்பொருள் குறைவது ஒரு காரணம். ஏசிஇ தடுப்பான் வகை இரத்த அழுத்த மாத்திரைகள் அந்தப் பொருள் சிதைவதைத் தடுக்கின்றன, வறட்டு இருமல் என்ற அவற்றின் பக்கவிளைவும் அதனால்தான். பெரிய சோதனை ஒன்றில் அந்த வகையைச் சேர்ந்த பெரிண்டோப்ரில் எடுத்த ஆசிய நோயாளிகளிடம் நிமோனியா குறைவாக இருந்தது. முதல் நாளிலேயே இதற்காகத் தொடங்கச் சொல்லவில்லை, பிற்பாடு அழுத்த மருந்து தேர்ந்தெடுக்கும்போது மருத்துவர் மனதில் வைக்கலாம்.

---

இரவுப்பணி

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போட்டாயிற்று, இனிப் புரையேறாது என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். டியூப் உணவை வயிற்றில் சேர்க்கும். எச்சிலை அது தடுக்காது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்கு ஊறும் எச்சில் அதே தொண்டையில்தான் இறங்கியாக வேண்டும்.

டியூப்பின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து காதுமடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் முனை என்று அளந்து போட வேண்டும். உள்ளே போனதும் ஊசியால் காற்றடித்து வயிற்றில் ‘புஸ்’ சத்தம் கேட்பது போதுமான சோதனை அல்ல. நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் பார்க்க வேண்டும், 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வயிறு. அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு பிஎச் ஏறியிருக்கும். அப்போதும், எதுவும் உறிஞ்ச வராதபோதும் எக்ஸ்-ரே எடுக்காமல் உணவு கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை உணவு கொடுக்கும் முன்னும் மூக்கருகே போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலமாக இருமினாலோ வாந்தி எடுத்தாலோ மறுபடி சோதியுங்கள்.

அமிலம் குறைக்கும் மாத்திரையை இங்கே இன்னொரு முறை சொல்லத் தோன்றுகிறது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லோருக்கும் எழுதப்படும் மருந்து. வயிற்றின் அமிலம்தான் கிருமியைக் கொல்கிறது. அது குறைந்தால் வயிற்றில் கிருமி வளரும், எதுக்களித்தால் அதே கிருமி மேலே வரும். தேவை இல்லாதவருக்கு அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தூக்க மருந்துக்கும் அதே கேள்வி.

அடுத்து வாய். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் தேவையில்லை என்பது தலைகீழான எண்ணம். மெல்லாத வாயில் எச்சில் ஓட்டம் குறைந்து பாசி போலக் கிருமி படியும், ஆக்சிஜன் ஓடினால் இன்னும் காயும். குறைந்தது நாளுக்கு இரண்டு முறை, முடிந்தால் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும், சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு, அண்ணம் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். பஞ்சுக் குச்சி ஈரப்படுத்தும், படிவைப் பெயர்க்காது. நுரைக்காத பேஸ்ட் பட்டாணி அளவு. தலையை ஒருபக்கம் சாய்த்து, உறிஞ்சும் குழாயை வைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் விரலோ பிரஷ்ஷோ விட்டுப் பாருங்கள். வாயால் கொஞ்சம் சாப்பிடுபவரானால் காலையில் கொடுத்தது மாலையிலும் அங்கே அடங்கியிருக்கும், அவருக்கே தெரியாது. செயற்கைப் பல் இரவில் வெளியே.

---

எண்ணிக்கை

தலையை 30 டிகிரி உயர்த்தி வைப்பது பற்றி யாராவது எழுதும் முன் ஒன்று. 2017-ல் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் முதல் 24 மணி நேரம் மட்டமாகப் படுப்பதையும் 30 டிகிரியையும் ஒப்பிட்டார்கள். நிமோனியா 3.1-க்கு 3.4 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆகவே படுக்கைக் கோணத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

---

இரவுப்பணி

@எண்ணிக்கை, அந்தச் சோதனையில் பெரும்பாலோர் லேசான பக்கவாதக்காரர்கள், நடு அளவு என்ஐஎச்எஸ்எஸ் 4 அளவில்தான். மொத்த நிமோனியாவே 3 சதவீதம்தான் என்பதிலேயே அது தெரிகிறது. மட்டமாகப் படுக்க வைக்க முடியாது என்று தெளிவாகத் தெரிந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. டியூப்பில் உணவு ஓடும் கடுமையான நோயாளியை மட்டமாகப் படுக்க வைக்கலாம் என்பதற்கு அது சான்று ஆகாது. உணவு ஓடும்போது 30 முதல் 45 டிகிரி, முடிந்தபின் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

எண்ணிக்கை

ஏற்கிறேன். உணவு ஓடும்போது என்று பிரித்துச் சொன்னது சரி. எல்லா நோயாளிக்கும் எல்லா நேரமும் என்று பொதுவிதியாக்குவதைத்தான் மறுத்தேன்.

---

தெளிவுதேடி

நீரைக் கெட்டியாக்கும் பொடி? அதைப் போட்டால் போதும் என்கிறார்களே.

---

விழுங்கல்வல்லி

போதாது. கெட்டியானால் மெதுவாக ஓடும், எக்ஸ்-ரே படத்தில் உள்ளே இறங்குவது குறைவதும் உண்மை. நிமோனியாவைக் குறைக்கிறது என்பதற்கான சான்றுதான் வலுவாக இல்லை. கெட்டியான திரவம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும், மூச்சு இழுக்கும்போது அது இறங்கும், இறங்கினால் இருமி வெளியேற்றுவதும் கடினம். சுவை பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்து நீர்ச்சத்து வற்றுபவர்கள் ஏராளம்.

தேவை என்று விழுங்கல் பயிற்சியாளர் சொன்னால் அளந்து கலக்குங்கள். 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, விரலை எடுத்து, 10 விநாடி ஓடவிட்டு மூடுங்கள். மிச்சம் 1 மி.லி.க்குக் கீழ் என்றால் வெறும் தண்ணீர்தான். 1 முதல் 4 வரை முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8-க்கு மேல் மூன்றாம் நிலை. 10 மி.லி. குறி வரையுள்ள அளவுகோல் 61.5 மி.மீ. நீளமுள்ள சிரிஞ்சுக்குத்தான் இந்தக் கணக்கு, வேறு சிரிஞ்சில் தவறும்.

மாவுச்சத்துப் பொடியை எச்சிலில் உள்ள அமிலேஸ் கரைத்துவிடும், எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பக் கோப்பையில் விட்டாலே நீர்த்துப்போகும். சாந்தன் பிசின் வகை அப்படி ஆகாது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மேக்ரோகால் மருந்தை மாவுச்சத்துப் பொடி போட்ட நீரில் கலந்தால் மொத்தமும் தண்ணீராகிவிடும். இது பலருக்குத் தெரியாது, ஆபத்தானது.

---

மூச்சுப்பயிற்சி

இருமும் வலிமை பற்றி யாரும் தொடவில்லை. ஒருபக்க உதரவிதானமும் வயிற்றுத் தசையும் தளர்ந்தால் இருமல் இருந்தும் சளி வராது. உட்கார வைப்பதே பாதி வைத்தியம், நிமிர்ந்தால் உதரவிதானம் இறங்க இடம் கிடைக்கிறது. ஆனால் முதல் 24 மணி நேரத்திலேயே நீண்ட நேரம் நடக்க வைப்பது கூடாது. 2015-ல் வந்த பெரிய சோதனையில் அப்படிச் செய்தவர்கள் தேறியது குறைவு. சிறிது நேரம், பல முறை என்பதே ஒத்துவந்த முறை.

---

தெளிவுதேடி

கடைசியாக ஒன்று. வந்துவிட்டதா என்பதை எப்போது, எதை வைத்து முடிவு செய்வது?

---

மண்ணீரல்

முதல் 7 நாளுக்குள், வென்டிலேட்டரில் இல்லாதவருக்கு வரும் நுரையீரல் தொற்றையே பக்கவாதத்தோடு சேர்ந்த நிமோனியா என்ற பெயரில் சேர்க்கிறார்கள். முதலில் இவற்றில் ஒன்றாவது வேண்டும்: 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணு 4,000-க்குக் கீழ் அல்லது 12,000-க்கு மேல், 70 வயது அல்லது மேற்பட்டவரானால் வேறு காரணம் தெரியாத குழப்பம். இவற்றோடு பின்வரும் நான்கில் குறைந்தது இரண்டு அடையாளங்கள்: புதிதாகச் சீழ் போன்ற சளி அல்லது சளியின் தன்மை மாறுவது, புதிய இருமல் அல்லது மூச்சுத்திணறல் அல்லது நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு, நெஞ்சில் கரகர ஒலி, ஆக்சிஜன் அளவு இறங்குவது.

எக்ஸ்-ரேயில் நிழல் தெரிந்தால் உறுதி. முதல் படம் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், நிழல் பின்னால் வரும். அடையாளங்கள் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். சிஆர்பி என்ற அழற்சி அளவு மட்டும் ஏறியிருந்தால் போதாது, பக்கவாதமே அதை ஏற்றும். காய்ச்சலும் அப்படித்தான், ஆனாலும் தொற்று இல்லை என்று காட்டும்வரை அதைத் தொற்றாகவே தேட வேண்டும். காய்ச்சல் எதனால் வந்தாலும் மூளைக்குக் கெடுதல் என்பதால் 37.5-லேயே பாராசிட்டமால் தொடங்கும் பிரிவுகள் உண்டு. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் செவிலியர்களே விதிப்படி கவனித்த ஆஸ்திரேலியச் சோதனையில், 2011-ல், 90 நாளில் இறப்போ பிறரைச் சார்ந்திருப்பதோ வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம், இந்த முறையில் 42 சதவீதம்.

---

இரவுப்பணி

மேலே உள்ளதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. வயதானவர்களிடம் காய்ச்சல் வரும் முன்பே மூச்சு எண்ணிக்கை ஏறும். முழு ஒரு நிமிடம், நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் நான்கு தவறும். நேற்று 18, இன்று காலை 22, மதியம் 26 என்று போனால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சந்தேகம் உறுதியானதும் ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. முன்கூட்டியே போடுவது வீண் என்று மேலே சொன்னது வந்தபிறகு தாமதிக்கச் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. புரையேறியது என்பதற்காகவே காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிக்குத் தனி மருந்து சேர்க்க வேண்டியதில்லை, நுரையீரலில் சீழ்க்கட்டியோ வெளியுறையில் சீழோ சந்தேகப்பட்டால்தான். அன்றைக்கே விழுங்கல் சோதனையை மறுபடி போடச் சொல்லுங்கள். முந்தாநாள் தேறியவர் இன்று தேறாமல் போகலாம்.